இறந்த மாட்டைப் பாறு கழுகுகளுக்காக ஓடைக்கரையில் போடலாமா?

கேள்வி: காட்டோர விவசாயி

வணக்கம். பவானிசாகர் அணைக்கு வடக்கே, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஐந்து மாடுகள் வைத்திருந்தோம். அவற்றில் ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு நேற்று மாலை இறந்துவிட்டது. கன்று ஈன்று பத்து நாள்கூட ஆகவில்லை. மடிநோய் வந்து, காய்ச்சல் கூடி, மூன்று நாள்களாகத் தீவனம் எடுக்காமல் படுத்தே கிடந்தது. அரசு மருத்துவர் தடுப்பூசி முகாமுக்காக மலையூர்களுக்குச் சென்றிருந்ததால், பக்கத்து ஊரில் மாடுகளுக்கு ஊசி போடுபவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் நேற்று முன்தினம் இரவும் நேற்றுக் காலையும் ஊசி போட்டார். என்ன ஊசி என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்கிறார் என் மனைவி. என் தந்தையோ, தாம் இளைஞராக இருந்த காலத்தில் இறந்த மாடுகளை ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் போட்டுவிடுவார்கள் என்றும், காலையில் போட்டால் உச்சிப்பொழுதுக்குள் பாறு கழுகுகள் இறங்கி எலும்பை மட்டும் விட்டுவைக்கும் என்றும் சொல்கிறார். சென்ற ஆண்டு பள்ளியில் நடந்த ஒரு கூட்டத்தில், இறந்த கால்நடைகளை எல்லோரும் புதைத்துவிடுவதால் பாறுகளுக்கு இரை குறைந்துபோனது என்று பேசினார்களாம். அதைக் கேட்டு வந்த என் மகளும் தாத்தாவின் பக்கம் சேர்ந்துகொண்டு, "ஓடைக்கரையிலேயே போட்டுவிடுங்கள் அப்பா, பாவம் அந்தப் பறவைகள்" என்கிறாள்.

அப்படிப் போடுவது அந்தப் பறவைகளுக்கு நன்மையா, தீமையா என்பது என் முதல் கேள்வி. இன்னொன்றும் நெடுநாளாக மனத்தில் இருக்கிறது. எங்களைச் சுற்றி மூன்று பக்கமும் காடு. மரம் வெட்ட முடியாது, வேட்டைக்குப் போக முடியாது, புலியும் யானையும் முன்னைவிட அதிகமாகக் கண்ணில் படுகின்றன. வாழிடம் இவ்வளவு பத்திரமாக இருக்கும்போது பாறுகள் மட்டும் ஏன் பழையபடி பெருகவில்லை?

பசுவின் உடல் தொழுவத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. இன்று மாலைக்குள் முடிவெடுக்க வேண்டும். அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

தார்ப்பாயை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். தொழுவத்தைச் சுற்றியும் குப்பைமேட்டிலும் தேடி, அந்த ஊசிக்காரர் விட்டுச் சென்ற குப்பிகளைக் கண்டெடுத்து, அவற்றின்மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்தக் குப்பியில்தான் இருக்கிறது. நீங்கள் தேடுவதற்குள் இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாக எழுதிவிடுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கால்நடைகளுக்கு ஊசி போட்டவன் என்ற முறையில் இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு.

டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி 1990களில் மாட்டு மருத்துவத்தில் பரவியபோது நாங்கள் எல்லோருமே அதைக் கொண்டாடினோம். விலை மலிவு. மடிநோயா, மூட்டு வீக்கமா, மூன்று நாள் காய்ச்சலா, எதற்கும் கைகொடுத்தது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் படுத்த மாடு எழுந்து வைக்கோலைக் கடிக்கும். மாட்டுக்காரர் கண்ணில் மருத்துவரின் மதிப்பு உயர்ந்துவிடும். நானும் அந்த மதிப்பைச் சம்பாதித்தவன்தான். அதே ஆண்டுகளில் ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில், பாறுகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி நாள்கணக்கில் கிளைகளில் உட்கார்ந்திருந்து பின்னர் விழுந்து இறப்பதை விபு பிரகாஷ் என்ற பறவையியல் அறிஞர் பதிவு செய்துகொண்டிருந்தார். பூச்சிக்கொல்லியாக இருக்கலாம், தொற்றுநோயாக இருக்கலாம் என்று பல ஐயங்கள் எழுந்தன. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் இறந்த பறவைகளை அறுத்து ஆராய்ந்து, காரணம் நாங்கள் மாட்டுக்குப் போட்ட அந்த ஊசிதான் என்று 2004இல் வெளியிட்டது.

நடப்பது இதுதான். ஊசி போட்ட ஓரிரு நாள்களில் மாடு இறந்துவிட்டால், மருந்து அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தசையிலும் தங்கியிருக்கிறது. அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கிறது. வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் இரத்தத்தில் பெருகி, ஈரலின்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு பூசியதைப் போல வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. சில நாள்களில் பறவை இறந்துவிடும். மாட்டுக்கும் மனிதனுக்கும் மருந்தாக இருப்பது அதற்கு நஞ்சு. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்கு 99.9 என்ற அளவில் குறைந்துபோயின. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது என்று பொருள். இத்தனை பெரிய அழிவுக்கு எல்லா மாடுகளுக்கும் ஊசி போட்டிருக்க வேண்டியதில்லை. இறந்துகிடக்கும் மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏனெனில் இவை கூட்டமாக உண்ணும் பறவைகள். ஒரு கெட்ட உடல் பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரையும் கொன்றுவிடும். ஆண்டுக்கு ஒரே முட்டை, குஞ்சு வளர்ந்து இணைசேர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் என்றால், அந்த இழப்பை எப்படி ஈடுகட்டுவது?

2006இல் இந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. பிறகு மனிதர்களுக்கான 30 மி.லி. குப்பிகள் மாட்டுக்குப் போகின்றன என்று கண்டு, 2015இல் 3 மி.லி.க்கு மேற்பட்ட குப்பியே கூடாது என்றார்கள். மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அந்தத் தடையை உறுதி செய்தது. இதற்கிடையே கீட்டோபுரோஃபென், ஏசிக்ளோஃபினாக், நிமெசுலைடு என்று ஒன்று போனால் இன்னொன்று வந்தது. இவற்றில் ஏசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. பெயர் வேறு, நஞ்சு அதுவே. முதல் இரண்டையும் 2023 ஜூலையிலும் நிமெசுலைடை 2024 டிசம்பரிலும் கால்நடைகளுக்குத் தடைசெய்தார்கள். பாறுகளுக்குத் தீங்கில்லாதவை என்று சோதித்து அறியப்பட்டவை மெலாக்சிகாமும் டால்ஃபெனாமிக் அமிலமும்.

காட்டின் எல்லைக்கல் இந்தப் பறவைக்கு எல்லை ஆகாது. உங்கள் தொழுவமும், பக்கத்து ஊர் மருந்துக்கடையின் அலமாரியும் அதன் வாழிடத்துக்குள்தான் இருக்கின்றன. மரமும் புலியும் பத்திரமாக இருந்தும் பாறு ஏன் பெருகவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? குப்பியைத் தேடிப் பாருங்கள்.

காட்டோர விவசாயி

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. தேடினேன். சாணக்குழியின் ஓரத்தில் கழுத்து உடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள் பதினொன்று கிடந்தன. எல்லாமே 3 மி.லி. குப்பிகள், எழுத்து அழியாத ஏழில் 'டைக்ளோஃபினாக் சோடியம்' என்று இருக்கிறது. கூடவே ஏதோ நுண்ணுயிர்க்கொல்லிப் புட்டி ஒன்றும் கிடைத்தது. இது மனிதர்களுக்கான மருந்து என்றே தெரிகிறது. எங்கள் பசுவுக்கு எதற்காகப் பதினொரு குப்பிகள்?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

நான் அஞ்சியதுதான். கணக்கு எளியது. மனிதனுக்கான 3 மி.லி. குப்பியில் 75 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. முந்நூறு கிலோ எடையுள்ள பசுவுக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 750 மில்லிகிராம் போடுவது அக்காலத்து வழக்கம். பழைய 30 மி.லி. குப்பி மாட்டுக்கு அளவெடுத்துச் செய்ததைப் போல இருந்ததன் காரணம் இதுதான். பெரிய குப்பியை ஒழித்தால், ஒரு மாட்டுக்காகப் பத்துச் சின்னக் குப்பிகளை உடைக்கச் சலித்துக்கொண்டு இந்த மருந்தையே கைவிட்டுவிடுவார்கள் என்று எண்ணித்தான் அந்த விதியை வகுத்தார்கள். பெரும்பாலோர் கைவிட்டார்கள் என்பதும் உண்மை. உங்கள் ஊர் ஊசிக்காரர் சலித்துக்கொள்ளாதவர் போலும்.

ஆகவே, இந்தப் பசுவை எக்காரணம் கொண்டும் திறந்தவெளியில் போடாதீர்கள். கடைசி ஊசிக்கும் இறப்புக்கும் இடையே ஒரு பகல்தான் கழிந்திருக்கிறது. மருந்து இன்னும் உடலில் தங்கியிருக்கும். ஆறடிக்குக் குறையாமல் குழி தோண்டி, சுண்ணாம்பு இட்டு, கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டத்தில் புதையுங்கள். தோலை உரிக்க விடாதீர்கள். காதில் காப்பீட்டு வில்லை இருந்தால், புதைப்பதற்கு முன் அரசு மருத்துவரை வரவழைத்துச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

பிற வாசகர்களுக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நோயே இல்லாமல் திடீரென்று இறந்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வழிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவும் கூடாது, பாறுகளுக்கு விடவும் கூடாது. உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

பதில் 2: சீகூர்ப் பட்டிக்காரர்

மருத்துவர் ஐயா எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதைப் படிப்பவர்கள், மாடு வளர்ப்பவர்களால்தான் பாறு அழிகிறது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் பக்கத்தையும் எழுதுகிறேன்.

மசினகுடி, மாவனல்லா, சிறியூர் என்று நீலகிரிக்கு வடக்கே சீகூர் மேட்டுநிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டி மாடுகள் வளர்த்தவர்கள் நாங்கள். பாலுக்காக வளர்ப்பதில்லை, சாணம்தான் எங்கள் வருமானம். லாரி லாரியாகக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகும். பகலில் மேய்ந்துவிட்டு இரவில் பட்டியில் அடையும் நாட்டு மாட்டுக்கு ஊசி போட யார் வரப் போகிறார்கள், போட்டால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகுமா? அது முதுமையால் இறக்கும், இல்லாவிட்டால் புலியோ சிறுத்தையோ அடித்து இறக்கும். இந்தியா முழுவதும் பாறு ஒழிந்தபோது இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மட்டும் ஏன் மிஞ்சியது என்று யாராவது கேட்டால், மருந்து படாத எங்கள் மாடும் ஒரு காரணம் என்றே சொல்வேன்.

காட்டுக்குள் மேய்ச்சல் கூடாது என்று 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. நாங்கள் இருப்பதே புலிகள் காப்பகத்தில் என்பதால் எங்களுக்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லை. பட்டிகள் ஒவ்வொன்றாகக் கலைகின்றன. நாட்டு மாட்டை விற்றுவிட்டு இரண்டு கலப்பினப் பசுக்களைத் தொழுவத்தில் கட்டுகிறார்கள். கலப்பினப் பசுவுக்கு மாதம் ஒரு நோய், நோய்க்கு ஓர் ஊசி. காட்டைக் காப்பதற்காகப் போட்ட உத்தரவு, ஊசி போடாத மாட்டை அகற்றி ஊசி போடும் மாட்டைக் கொண்டுவந்து வைக்கிறது. இதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

நஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். புலி அடித்த மாட்டின்மேல் குருணை மருந்தைத் தூவி வைப்பவர்கள் உண்டு. அவர்கள் குறிவைப்பது புலியை. முதலில் இறங்குவது பாறு. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு ஒரு வாரத்துக்குள் கைக்கு வந்துவிட்டால், அந்தக் குருணைப் பொட்டலத்தைத் தேடிப் போகும் கை பாதிக்குமேல் குறைந்துவிடும். இழப்பீட்டுக்காக அலைந்த என் சொந்தக் கதையை இங்கே எழுதப் போவதில்லை, நீண்டுவிடும்.

பதில் 3: மாயாற்றுப் பறவைநோக்கர்

பட்டிக்காரர் ஐயாவின் வாதத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் மிஞ்சியதற்குப் பட்டி மாட்டைவிடக் காட்டு விலங்குகளே பெரிய காரணம் என்று கருதுகிறேன். புலியும் செந்நாயும் அடித்துவிட்டுப் போகும் புள்ளிமான், கடமான், காட்டெருது ஆகியவற்றின் மிச்சம் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. எந்த ஊசியும் படாத இறைச்சி அது. முதுமலையில் இறக்கும் யானைகளைக்கூடப் பரிசோதனைக்குப் பின் புதைக்காமல் விட்டுவைக்கத் தொடங்கியது இந்தப் பறவைகளுக்குப் பெரிய உதவி. வேனிலில் மான்கள் நீர் தேடி இடம்பெயரும்போதும், காட்டோரங்களில் இறந்த மாடு எளிதாகக் கிடைக்கும்போதும் பாறுகள் அதைத் தேடி வருகின்றன. அப்படி வரும் அந்தச் சில நாள்களில் இறங்கிய இடத்தில் என்ன கிடக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

கணக்கெடுப்புகளில் தன்னார்வலராகக் கலந்துகொண்டவன் என்பதால் எண்ணிக்கையையும் சொல்கிறேன். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களும் சேர்ந்து முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், நாகரகொளே, வயநாடு முதலிய காடுகளில் ஒரே நாள்களில் எண்ணத் தொடங்கியது 2023இன் தொடக்கத்தில். அப்போது 246 பறவைகள் பதிவாயின. அதே ஆண்டு இறுதியில் 320. பத்து மாதத்தில் எழுபது குஞ்சுகள் பறந்துவிட்டன என்று இதைப் படிக்கக் கூடாது. இரண்டாம் முறை இடங்களும் ஆட்களும் கூடுதல். அந்த 320இல் மூன்றில் இரண்டு பங்கு வெண்முதுகுப் பாறுகள். கருங்கழுத்துப் பாறும் செந்தலைப் பாறும் ஐம்பது ஐம்பது என்ற அளவில்தான். மஞ்சள்முகப் பாறு ஐந்துகூட இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பதினொரு குப்பிகளை நினைத்துப் பாருங்கள்: ஒரு பசுவின் உடலில் நாற்பது பறவைகள் இறங்கியிருந்தால், இந்தப் பள்ளத்தாக்குகளின் மொத்தச் செல்வத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரே நாளில் போயிருக்கும்.

விவசாயி அண்ணன் கேட்ட வாழிடக் கேள்விக்கு வருகிறேன். வெண்முதுகுப் பாறு ஆற்றோரத்தில் நிற்கும் உயர்ந்த நீர்மருது போன்ற மரங்களில் கூடு கட்டும். கருங்கழுத்துப் பாறுவுக்குச் செங்குத்தான பாறைமுகடு வேண்டும். குளிர்காலத்தில் தொடங்கி வேனில் வரை நீளும் கூடு கட்டும் காலத்தில், கூட்டு மரத்துக்கு அருகே ஆளோ வண்டியோ ஓயாமல் நடமாடினால் அவை கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். இந்த அளவில் வாழிடப் பாதுகாப்பு என்பது நாம் வழக்கமாகப் பேசும் பாதுகாப்புதான்: ஆற்றங்கரை மரங்களைக் காப்பது, சுற்றுலா விடுதிகளைத் தள்ளி வைப்பது, உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் மூடிய வெளிகளைத் திறப்பது. கடைசியில் சொன்னதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பாறு கனமான பறவை. ஓடி எழும்ப இடம் வேண்டும். புதர் மூடிய இடத்தில் இரை கிடந்தாலும் அதற்குக் கண்ணில் படாது, பட்டாலும் இறங்க அஞ்சும்.

ஆனால் இதே பறவை காலையில் வெயில் ஏறி வெப்பக்காற்று எழும்பியதும் நூறு கிலோமீட்டர் தொலைவுக்கும் சாதாரணமாகப் போய் வருகிறது. முதுமலைக் காப்பகத்தின் பரப்பு ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டர். கூட்டைச் சுற்றி நூறு கிலோமீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டால் 31,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. நீலகிரி, ஈரோடு, கோயம்புத்தூர், மைசூரு, சாமராஜநகர், வயநாடு என்று அந்த வட்டத்துக்குள் எத்தனை மருந்துக்கடைகள், எத்தனை தொழுவங்கள்! பாறுகளுக்கான பாதுகாப்பு மண்டலம் என்று இன்று சொல்வது இந்த வட்டத்தைத்தான். அதற்கு வேலி போட முடியாது. கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பினர் ஊர் ஊராக மருந்துக்கடைக்காரர்களையும் மாட்டுக்காரர்களையும் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதும், 2022இல் தமிழ்நாடு அரசு பாறுகளுக்கெனத் தனிக் குழு அமைத்ததும் இதற்காகவே. அரியானாவின் பிஞ்சோரில் 2001இல் தொடங்கிய மையத்தில் பாறுகளைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்கிறார்கள், குஞ்சுகளும் பொரிக்கின்றன. வளர்த்தவற்றை எங்கே பறக்க விடுவது என்ற கேள்வி வரும்போது அவர்களும் இந்த மருந்துக்கடை வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.

உங்கள் மகளின் எண்ணம் தவறன்று என்று அவளிடம் சொல்லுங்கள். நேபாளத்தில் நவல்பராசி மாவட்டத்து ஊர்மக்கள் 2006 முதல் பாறுகளுக்கென ஓர் உணவிடமே நடத்துகிறார்கள். பயன்படாத கிழ மாடுகளை வாங்கி, இயல்பாக இறக்கும்வரை பராமரித்து, உடலில் மருந்து எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வெளியில் வைக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று செய்வதானால் வனத்துறையின் ஒப்புதல் வேண்டும்; ஊரைவிட்டு எட்டத்தில் இடம் வேண்டும், இல்லாவிட்டால் தெருநாய்களும் சிறுத்தையும்தான் முதலில் வரும். அவள் கேட்ட பள்ளிக்கூட்டத்தில் பேசியவர் 'ஊசி போடாத மாடு' என்ற மூன்று சொற்களை விட்டுவிட்டுப் பேசியிருக்கிறார், அதுதான் குறை.

பதில் 4: செங்கல்பட்டு வாசகி

ஒரு சிறு குறிப்பு. திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் பூசைக்குப் பின் குருக்கள் தரும் சர்க்கரைப் பொங்கலை உண்ண நாள்தோறும் இரண்டு கழுகுகள் வருவதைச் சிறுமியாக இருந்தபோது என் பாட்டியுடன் போய்ப் பார்த்திருக்கிறேன். வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட அவை, பறவைநோக்கர் ஐயா ஐந்துகூட இல்லை என்று குறிப்பிட்ட அந்த மஞ்சள்முகப் பாறுகளே. 1990களின் இறுதியோடு அவை வருவது நின்றுபோயிற்று. கலியுகம் முற்றியதால் நின்றுவிட்டது என்று எங்கள் ஊரில் பலவாறு விளக்கம் சொன்னார்கள். மருத்துவர் எழுதிய ஆண்டுக்கணக்கைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அந்த இரு பறவைகள் என்ன தின்று இறந்தன என்பதற்குச் சான்று இல்லை என்பதால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவை வருவது நின்ற காலம் அந்த மருந்து பரவிய காலத்தோடு பொருந்துகிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பொதுமக்களிடம் பேசும்போது 'பிணந்தின்னிக் கழுகு' என்ற பெயரைத் தவிர்ப்பது நல்லது என்பதும் என் கருத்து. அரசியல் மேடைகளில் வசைச்சொல்லாகிவிட்ட பெயரைச் சுமக்கும் பறவைக்காக யார் இரங்குவார்கள்? சங்கப் பாடல்களில் பாறு என்றும் எருவை என்றும் நல்ல பெயர்கள் இருக்கின்றன.

பதில் 5: மருந்தாளுநர்

மருந்துக்கடையைப் பற்றிப் பலமுறை குறிப்பிட்டுவிட்டதால் நானும் எழுத வேண்டியிருக்கிறது. 3 மி.லி. டைக்ளோஃபினாக் மனிதர்களுக்குச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மருந்து. மருத்துவரின் சீட்டோடு வருபவருக்கு நாங்கள் கொடுத்தாக வேண்டும். ஆனால் முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொள்பவர் ஒன்றோ இரண்டோதான் வாங்குவார். ஒரே ஆள் சீட்டில்லாமல் வந்து பத்து, இருபது என்று கேட்டால் அது எந்த உடலுக்குப் போகிறது என்பது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாது என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

மெலாக்சிகாம் கால்நடை ஊசி இப்போது விலை அதிகமில்லை. பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. எங்கள் கடையில் எப்போதும் இருக்கும். ஆனால் மாட்டுக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. 'காய்ச்சலுக்கும் வலிக்கும் ஓர் ஊசி' என்றுதான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் கடைக்காரர் கையில் முதலில் அகப்படுவதைக் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பில் கேளுங்கள்.

பதில் 6: சீகூர்ப் பட்டிக்காரர்

பறவைநோக்கர் தம்பிக்கு ஒரு கேள்வி. பாறு இல்லாவிட்டால் மனிதனுக்கு என்ன நட்டம் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நாடு அழுகிப் போகும் என்று பொதுவாகச் சொல்லிச் சமாளித்தேன். திட்டவட்டமாக ஏதேனும் சொல்ல முடியுமா?

மாயாற்றுப் பறவைநோக்கர்

முடியும் ஐயா. ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பு பாறுகள் நிறைந்திருந்த இந்திய மாவட்டங்களையும் அவை என்றுமே அதிகம் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, பறவைகள் மறைந்தபின் 2000 முதல் 2005 வரையான காலத்தில் மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித இறப்புகள் கூடுதலாக நேர்ந்தன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தின்ன ஆளில்லாத மாட்டு உடல்கள் ஊரோரத்திலும் நீர்நிலையிலும் அழுகின. நாய்கள் பெருகி வெறிநாய்க்கடி கூடியது. பாறுவின் இரைப்பையில் உள்ள அமிலம் பெரும்பாலான நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடும். நாயின் வயிற்றுக்கும் வாய்க்கும் அந்த ஆற்றல் இல்லை.

அக்காலத்தில் இறந்த மாட்டை ஓடைக்கரைக்கு இழுத்துச் சென்று தோலுரிக்கும் வேலையை ஒரு சாதியார்மீது சுமத்தியிருந்தோம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த வழக்கம் ஒழிந்தது நல்லதே. மீண்டும் வரக் கூடாது. இனி இறந்த மாட்டை எங்காவது வைக்க வேண்டுமென்றால், அந்தச் செலவையும் உழைப்பையும் ஊராட்சியோ வனத்துறையோ ஏற்க வேண்டுமே தவிர, பழைய ஆட்களைத் தேடிப் போகக் கூடாது.

காட்டோர விவசாயி

அனைவருக்கும் நன்றி. மதியம் பொக்லைன் வண்டியை வரவழைத்து, தென்னைகளுக்கு அப்பால் மேட்டுநிலத்தில் குழி எடுத்துப் புதைத்துவிட்டோம். இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு போட்டோம். காப்பீடு இல்லாத மாடு என்பதால் சான்றுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தந்தைக்கு மனம் ஆறவில்லை. குப்பிகளை அவர் கையில் கொடுத்து, மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் தொண்ணூறுகளில் நாம் ஓடைக்கரையில் போட்டவற்றில் எத்தனை மாடு ஊசி போட்ட மாடு?" என்று கேட்டார். யாருக்கும் விடை தெரியவில்லை.

மாலையில் அந்த ஊசிக்காரரைப் பார்த்துப் பேசினேன். அவர் மறைக்கவில்லை. மெலாக்சிகாமும் தம் பையில் வைத்திருக்கிறாராம். அதைப் போட்டால் மாடு எழுந்திருக்கச் சற்று நேரம் ஆகிறது. அதற்குள் மாட்டுக்காரர் இன்னொருவரை அழைத்துவிடுகிறார். உடனே எழுந்து நிற்க வைக்கும் ஊசியைப் போடுபவருக்குத்தான் பெயர் என்றார். மருத்துவர் ஐயா தம் இளமையைப் பற்றி எழுதியதைத்தான் அவரும் வேறு சொற்களில் சொன்னார் என்று தோன்றியது. பறவைக் கதையை அவர் கேள்விப்பட்டிருக்கிறார், ஆனால் காட்டுக்குள் நடப்பது என்று நினைத்திருக்கிறார்.

எங்கள் இன்னொரு பசு அடுத்த வாரம் ஈனும். அதற்கு ஏதேனும் என்றால் மெலாக்சிகாம்தான் போட வேண்டும், எழுந்திருக்க அரை நாள் ஆனாலும் நான் வேறு ஆளை அழைக்கமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். மருந்தின் பெயரைத் தொழுவத்துச் சுவரில் என் மகள் கரியால் எழுதி வைத்திருக்கிறாள்.